நாஸ்பாவா, ஏசிபிஏவா, பக்கத்து ஊர் மாநாடா?

ஒஹாயோவில் இந்த ஆகஸ்டில் முதுகலை சேர்ந்த ஒரு பெண் போன வாரம் அழைத்தாள். பாளையங்கோட்டைக்காரி. என் சித்தி வீட்டுக்கு வேண்டிய குடும்பம், அதனால் நான் அவளுக்கு அக்கா. "மாநாட்டுக்குப் போக டிபார்ட்மென்ட்ல 600 டாலர் தர்றாங்கக்கா. வருஷத்துக்கு ஒரு தடவைதான். கூடப் படிக்கிறவங்க எல்லாரும் மார்ச்ல நாஸ்பா போறோம்ங்கிறாங்க. நானும் பேர் குடுத்துடட்டுமா?"

நாஸ்பா அவள் படிக்கும் துறையின் பெரிய சங்கங்களில் ஒன்று. மார்ச்சில் வருவது அதன் தேசிய மாநாடு. அவசரப்படாதே என்றேன். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவளைப் போல ஸ்டூடன்ட் அஃபேர்ஸ், அதாவது மாணவர் நலத் துறை, படிக்க வருகிற நம் பிள்ளைகள் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தப் பேச்சை இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்தத் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கல்லூரியில் விடுதி வார்டன் வேலையை ஒரு பேராசிரியர் கூடுதலாகப் பார்ப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி இல்லை. விடுதி, புது மாணவர் ஓரியண்டேஷன், மாணவர் அமைப்புகள், ஒழுங்கு விசாரணை, வேலைவாய்ப்பு மையம், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று வகுப்பறைக்கு வெளியே நடக்கிற எல்லாவற்றுக்கும் முழுநேரப் பணியாளர்கள் உண்டு. அதற்கென்றே இரண்டு வருட முதுகலைப் படிப்பும் உண்டு. படிக்கும்போதே ஏதாவது ஓர் அலுவலகத்தில் வாரம் 20 மணி நேரம் அசிஸ்டன்ட்ஷிப் பார்ப்போம்; கட்டணத்தில் பெரும்பகுதி அதில் கழியும், கையில் சிறு தொகையும் வரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அசிஸ்டன்ட்ஷிப்பே அதை முழுசாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே மாநாட்டுச் செலவுக்கென்று கூடுதலாக ஒரு டாலர் சம்பாதிக்க வழி கிடையாது. கூடப் படிக்கும் அமெரிக்க மாணவர் வார இறுதியில் ஒரு காபிக் கடையில் நின்று விமானச் சீட்டுக்குச் சேர்த்துவிடுவார். நம்மால் முடியாது. 600 டாலரை எங்கே போடுவது என்பது அவளுக்குப் பெரிய கேள்வியாக இருப்பது இதனால்தான்.

சரி, என்னென்ன மாநாடுகள் இருக்கின்றன? இந்தத் துறையில் பெரிய சங்கங்கள் இரண்டு, நாஸ்பாவும் ஏசிபிஏவும். நாஸ்பா 1919இல் விஸ்கான்சினில் கூடிய ஆண் மாணவர் டீன்களின் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. ஏசிபிஏவைத் தொடங்கியவர் மே சேனி என்ற பெண்மணி. பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் வேலை தேடித் தந்த அலுவலகத்தை நடத்தியவர் அவர். தொடங்கிய ஆண்டு 1924. ஒன்று நிர்வாகிகளின் சபையாகவும் மற்றது பணியாளர்களின் கூட்டமாகவும் பிறந்தன. நூறு வருடம் கழித்தும் அந்தப் பிறவிக் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாஸ்பாவில் பல்கலைக்கழகத் துணைத் தலைவர்களும் டீன்களும் அதிகம் கண்ணில் படுவார்கள். ஏசிபிஏவில் இந்தத் துறையைப் பாடமாக நடத்தும் பேராசிரியர்களும் முதுகலை மாணவர்களும். 2011இல் இரண்டையும் இணைப்பதற்கு உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தார்கள். ஏசிபிஏ பக்கம் தாராளமாகத் தேறியது, நாஸ்பா பக்கம் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. அதனால் இன்றும் இரண்டு உறுப்பினர் கட்டணம், சில வாரங்கள் தள்ளித் தள்ளி இரண்டு மாநாடு. 2023இல் ஏசிபிஏ மார்ச் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் முடிந்த கையோடு ஏப்ரல் முதல் வாரம் பாஸ்டனில் நாஸ்பா. எந்த மாணவரால் இரண்டுக்கும் போக முடியும்?

இவை தவிர மண்டல மாநாடுகள் இருக்கின்றன. நாஸ்பா நாட்டை ஏழு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒஹாயோ, இண்டியானா, மிச்சிகன், இல்லினாய் பக்கமெல்லாம் நான்கு-கிழக்கு என்ற மண்டலத்தில் வரும். பல மண்டலங்கள் நவம்பரை ஒட்டிக் கூடும். ஏசிபிஏவுக்கு மாநிலக் கிளைகள் உண்டு, ஒஹாயோவில் ஓசிபிஏ. அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கம்: விடுதிக்காரர்களுக்கு அகூஹோ-ஐ, ஓரியண்டேஷனுக்கு நோடா, பாடத் தேர்வு ஆலோசகர்களுக்கு நகாடா, வெளிநாட்டு மாணவர் துறைக்கு நாஃப்சா.

நான் மூன்று மாநாடு பார்த்தேன். முதல் வருடம் நவம்பரில் மண்டல மாநாடு, 2024 மார்ச்சில் சிகாகோவில் ஏசிபிஏவின் நூற்றாண்டு மாநாடு, 2025 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் நாஸ்பா. மூன்றில் எது என் வாழ்க்கையில் ஏதாவது செய்தது என்றால், மூன்று மணி நேரம் காரில் போய் வந்த அந்த முதல் மாநாடுதான்.

அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் நாள் காலை உணவு. ஓட்டல் கூடத்தில் வட்ட மேசைகள், மேசைக்கு எட்டு நாற்காலி. தெரிந்தவர் யாரும் இல்லாததால் ஓரத்து மேசையில் தட்டை வைத்தேன். பக்கத்தில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி உட்கார்ந்து காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். கழுத்து அட்டை திரும்பிக் கிடந்ததால் பெயரும் பதவியும் தெரியவில்லை. எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். விடுதியில் தங்கி அசிஸ்டன்ட்ஷிப் பார்க்கிறேன் என்றேன். அக்டோபர் விடுமுறை எப்படிப் போனது என்றார். அது சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. விடுமுறையின் நான்கு நாளும் உணவுக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக முடியாத 11 வெளிநாட்டு மாணவர்கள் என் விடுதியில் இருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு பையன் தானியங்கி இயந்திரத்தின் முன்னால் நின்று சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கீழ்த்தளச் சமையலறையைத் திறந்து, என் ரைஸ் குக்கரில் மூன்று தடவை சோறு வைத்து, எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதம் கிளறிக் கொடுத்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் மூன்று வாரத்தில் தேங்ஸ்கிவிங் வருகிறதே, அப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மேசையில் கிடந்த நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: யாரிடம் கேட்க வேண்டும், உணவு ஒப்பந்தக்காரரிடம் என்ன கேட்கலாம், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் ஓடியது. எழுந்து போகும்போதுதான் அட்டை திரும்பியது. ஒரு கல்லூரியில் மாணவர் நலத் துறைக்கே துணைத் தலைவர். முதலிலேயே தெரிந்திருந்தால் நான் 'மேடம், மேடம்' என்று நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டிருப்பேன். அந்தத் தேங்ஸ்கிவிங்குக்கு ஒரு சிறு உணவுக்கூடம் திறந்திருந்தது. இரண்டாம் வருடம் நான் வேலை தேடியபோது மூன்று இடங்களுக்கு அவராகவே மின்னஞ்சல் எழுதினார்.

பெரிய மாநாட்டில் இப்படி நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடப்பது கடினம், அவ்வளவுதான். தேசிய மாநாடு ஆயிரக்கணக்கில் ஆள் கூடுகிற இடம். காலை எட்டரைக்கே ஒரே நேரத்தில் இருபது அமர்வுகள் ஓடும். கம்பளம் விரித்த நீண்ட நடைபாதையில் எதிரே வருபவர் முதலில் உங்கள் கழுத்து அட்டையைப் பார்ப்பார், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் வண்ண ரிப்பன்களைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. துணைத் தலைவர்கள் இருப்பார்கள், ஆனால் பழைய நண்பர்கள் சூழ இருப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை சந்திப்பவர்கள் அவர்கள், அதில் தவறும் இல்லை. கூடப் படித்த மாணவர்களோடு போய், அவர்களோடே சாப்பிட்டு, அவர்களோடே திரும்பி வருகிற முதலாண்டு மாணவர்கள் நிறையப் பேர். சிகாகோவில் முதல் ஒன்றரை நாள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெரிய மாநாட்டில்தான் கிடைக்கிற சிலவும் உண்டு. பாடத்தில் படித்த ஆய்வாளர் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆர்வம் ரொம்பக் குறுகலானது என்றால், உதாரணமாகச் சமுதாயக் கல்லூரிகளில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், அதையே பேசும் பத்துப் பேரை ஒரே அறையில் காண்பது தேசிய மாநாட்டில்தான் நடக்கும். நூற்றாண்டு மாநாட்டில் அப்படி ஓர் அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் துறையில் நான் தனி ஆள் இல்லை என்ற எண்ணம் அன்றுதான் வந்தது. அதற்காக ஏசிபிஏவுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். தேசிய மாநாடு ஒன்றுதான் முடியும், அதுவும் மாணவராக இருக்கும்போதே போக வேண்டும் என்றால், என் ஓட்டு ஏசிபிஏவுக்கு. கூட்டம் நாஸ்பாவை விடச் சிறிது, மாணவர்களை உட்காரவைத்துப் பேசும் வழக்கம் அதிகம். மேலே படித்து முனைவர் பட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நாஸ்பா, வேலையில் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆனவருக்குத்தான் முழுப் பலன் தரும்.

"ஆனா வேலை கிடைக்கிறதே நாஸ்பாவுலதான்னு சொல்றாங்களேக்கா" என்றாள். ஒரு காலத்தில் உண்மைதான். நாஸ்பாவுக்கு முந்தைய நாட்களில் தி பிளேஸ்மென்ட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று நடந்துவந்தது. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள், ஒரே நாளில் ஏழெட்டு நேர்காணல். விடுதி வேலைகளுக்கு பிப்ரவரியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷில் அதே மாதிரி ஒன்று. எங்கள் மேற்பார்வையாளர்கள் பலர் அப்படி வேலைக்கு வந்தவர்கள், அதனால் அதையே நமக்கும் சொல்கிறார்கள். 2020க்குப் பிறகு முதல் சுற்று நேர்காணல்கள் பெரும்பாலும் ஸூமுக்குப் போய்விட்டன. நான் பேசிய ஒன்பது இடங்களில் ஒன்றுகூட மாநாட்டுக் கூடத்தில் நடக்கவில்லை. வேலைக்காக மட்டும் விமானம் ஏற வேண்டாம்.

மாநாடு வேலை தேடலுக்கு உதவுவது வேறு வகையில். விளம்பரத்தில் எழுதாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடச் சொல்லும் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அங்கே புதிதாக ஒருவர் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. அங்கே வேலை பார்ப்பவர் நேரில் சொல்வார். அதேபோல் எந்தப் பல்கலைக்கழகம் எச்-1பி வேலை விசாவுக்கு விண்ணப்பம் போடும், எது போடாது என்பதும். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கல் கிடையாது, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் தொடக்கநிலை வேலைகளுக்குப் போட மாட்டோம் என்று உள்விதி வைத்திருக்கும் இடங்கள் பல. நம் படிப்பு பெரும்பாலும் ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வராததால், படிப்பு முடிந்து இங்கே வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். அதிலும் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே இந்தக் கேள்வியை மே மாதம் பட்டம் வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. முந்தைய நவம்பரிலேயே கேட்டுவிட வேண்டும், அப்போது பட்டியலிலிருந்து பாதி இடங்களை நிம்மதியாக அடித்துவிடலாம்.

இங்கே நாஃப்சாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். வெளிநாட்டு மாணவராக வந்தவர், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதுதானே பொருத்தம் என்று எல்லாரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போடும் டிஎஸ்ஓ பொறுப்பை வகிக்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அந்த அலுவலகத்தின் ஆலோசகர் வேலைகளில் பெரும்பாலானவை டிஎஸ்ஓ பொறுப்போடுதான் வரும். ஓபிடியில் இருப்பவரால் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. வரவேற்பு நிகழ்ச்சிகள், மாணவர் சேர்ப்பு போன்ற வேலைகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. நாஃப்சா மாநாடும் மே கடைசியில் வருகிறது, நம் 90 நாள் கணக்கு ஓடத் தொடங்கும் சமயம். நல்ல மாநாடுதான், இந்தத் துறையில் நிலைத்தவர்களுக்கு. மாணவருக்கு அவ்வளவு பணத்தை அதில் போடச் சொல்ல மாட்டேன்.

விடுதித் துறைதான் என்று முடிவாகத் தெரிந்தவர்கள் அகூஹோ-ஐயின் பெரிய மாநாட்டைத் தேடிப் போக வேண்டாம். அது கோடையில் வரும், அதற்குள் வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். விடுதிக்காரர்களின் மண்டலச் சங்கங்கள் இலையுதிர் காலத்தில் கூட்டும் மாநாடுகள் பரவாயில்லை. ஓரியண்டேஷன் பிடித்தவர்களுக்கு நோடாவின் மாநாடு இலையுதிர் காலத்தில் வருவதால் நேரம் பொருந்தும். இணையவழி மாநாடுகள் மலிவு. உரைகளைக் கேட்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி பணம். ஓட்டல் அறை இரவுக்கு வரியோடு 240 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 60. நான்கு இரவுக்கு 240 ஆகிவிடும். விமானம் ஒரு 350. அவளுடைய 600இல் மிச்சம் பத்து டாலர். பதிவுக் கட்டணத்தையே இன்னும் தொடவில்லை. மண்டல மாநாட்டுக்குக் காரில் போனால் இரண்டு இரவு, பெட்ரோல் பங்கு, பதிவு எல்லாம் சேர்த்தும் அந்த 600க்குள் அடங்கும்.

செலவை விடத் தொல்லை, அந்த 600 முன்கூட்டி வராது என்பது. நாம் கட்டி, ரசீது கொடுத்து, பிறகு வாங்க வேண்டும். எனக்கு முதல் வருடம் கிரெடிட் கார்டின் வரம்பே 500 டாலர். சிகாகோவுக்குப் பதிவும் அறைப் பங்கும் ஏறியதும் அது நிரம்பிவிட்டது. பணம் திரும்பி வர ஏழு வாரம் ஆனது, அதுவரை அரிசியும் பருப்பும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். பதிவுக் கட்டணத்தை அலுவலகக் கார்டிலேயே நேரடியாகக் கட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். இன்னொன்று: பணத்தைப் பயண உதவித்தொகை என்ற பெயரில் தந்தால், எஃப்-1 மாணவருக்கு 14 சதவீதம் வரி பிடிக்க வாய்ப்புண்டு. பல்கலைக்கழகத்தின் வேலையாகப் போய்வந்த செலவைத் திருப்பித் தருவதாகக் கணக்கில் வந்தால் அந்தப் பிடித்தம் இராது. படிவம் நிரப்பும் முன் கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

டிபார்ட்மென்ட் பணம் ஒரு பை. அசிஸ்டன்ட்ஷிப் தரும் அலுவலகம் இன்னொரு பை, பலரும் அங்கே கேட்பதே இல்லை. என் முதல் மாநாட்டுக்குக் கட்டியது அவர்கள்தான். ஏசிபிஏவும் நாஸ்பாவும் சேர்ந்து 2015இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் இந்த வேலைக்குத் தேவையான திறன்கள் பத்துப் பிரிவாக இருக்கின்றன. அதில் இரண்டைச் சுட்டி, இந்த மாநாட்டில் இன்ன அமர்வில் இதைக் கற்று, வந்து அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அன்றே கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் வருடம்? அப்போது நிலைமை வேறு. மேடையேறிப் பேச உங்கள் அமர்வை ஏற்றுக்கொண்டால், எந்த மாநாடானாலும் போங்கள், கடன் வாங்கியாவது போங்கள் என்பேன். நாஸ்பாவில் நானும் இன்னொரு மாணவியும் விடுமுறை உணவு பற்றிப் பேசினோம். கடைசி நாள், கடைசி நேரம், அறையில் 14 பேர். முடிந்ததும் ஒன்பது பேர் எழுந்து போகாமல் நின்றார்கள். கேட்பவராக நாம் போய்ப் பிறரை அணுகுவது கடினம். பேசியவராக இருந்தால் அவர்களாக வருகிறார்கள். ஆனால் மார்ச் மாநாட்டில் பேச விண்ணப்பிக்கும் காலம் முந்தைய கோடையின் கடைசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். முதலாண்டு மாணவருக்கு அதற்குள் பேச என்ன இருக்கும்? மண்டல மாநாட்டில் ஒரு விஷயம் கிடைத்து, வருடம் முழுக்க அதை வளர்த்து, அடுத்த கோடையில் விண்ணப்பிப்பதுதான் நடக்கக்கூடியது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எல்லாரும் மார்ச்ல ஒண்ணாப் போறாங்க, நான் மட்டும் போகலன்னா ஒரு மாதிரி இருக்கும்க்கா" என்றாள். இருக்கும்தான். அறையைப் பகிர்ந்து, இரவு இரண்டு மணி வரை பேசி, அடுத்த இருபது வருடம் தொடரும் நட்பு சிலருக்கு அந்தப் பயணத்தில்தான் உண்டாகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காகவே போகிறேன் என்றால் அதுவும் நியாயமான காரணம், கணக்குப் போட்டுப் போ என்றேன். ஆனால் உன்னைத் தெரிந்த ஒரு பெரியவர் இந்த நாட்டில் உனக்கு இன்னும் இல்லை, அதை முதலில் தேடிக்கொள் என்றும் சொன்னேன்.

நேற்று இரவு குறுஞ்செய்தி வந்தது. நவம்பர் மாநாட்டுக்குப் பதிவு செய்துவிட்டாளாம், கட்டணம் அலுவலகக் கார்டில். சைவ உணவு என்று படிவத்தில் குறித்துவிட்டாளாம். மூன்று பேர் ஒரு காரில் போகிறார்கள், நான்காவது இருக்கை இன்னும் காலியாக இருக்கிறதாம்.